முழங்காலின் கட்டும் மூப்பும்

நம் குடும்பங்களில் ஐம்பது அகவை கடந்தோர் இருவர் சந்தித்தால், முதற்பேச்சு பிள்ளைகளைப் பற்றியதாயின் இரண்டாம் பேச்சு முழங்காலைப் பற்றியதாகவே இருக்கக் காண்கிறோம். "மூட்டுத் தேய்ந்துவிட்டது" என்பார் ஒருவர். "எலும்போடு எலும்பு உரசுகிறது" என்பார் மற்றொருவர். ஊரிலிருந்து அண்மையில் வந்த அத்தையோ, "காலில் பிடிப்பே இல்லை, படியிறங்கும்போது தானாக மடங்குகிறது" என்று குறைப்படுவார். முதலிரண்டு கூற்றுகளும் எலும்பையும் குருத்தெலும்பையும் பற்றியவை. அவற்றைக் குறித்து நம்மவர் ஓரளவு அறிவர். மூன்றாவது கூற்று மூட்டின் பிடிப்பைப் பற்றியது. அப்பிடிப்பினைத் தருவன இரண்டு: தசைகளும், எலும்பை எலும்போடு பிணித்து நிற்கும் கட்டுகளும். அக்கட்டுகளைப் பற்றி நம் இல்லங்களில் பேச்சே எழுவதில்லை.

நாம் மருத்துவம் பயின்றோம் அல்லோம். இருப்புப் பாதை அலுவலகம் ஒன்றில் ஏடெழுதி வாழ்கின்றோம். எனினும், தமிழகத்திலிருந்து பெற்றோரை அழைத்துவந்து தலைநகரத்து மாடிக் குடியிருப்புகளில் வைத்துப் பேணும் எண்ணற்ற குடும்பங்களுள் நம்முடையதும் ஒன்று. அவர்களுடைய முழங்காலைப் பற்றி எடுக்கும் முடிவுகளைப் பெரும்பாலும் நாமே எடுக்கின்றோம். "படியேற வேண்டா, உட்காருங்கள்" என்று அன்பினால் சொல்லுவதும் ஒரு முடிவே. அம்முடிவு சரியோ என்று ஆராய்வதற்கு, அகவை ஏற ஏற முழங்காலின் கட்டுகளில் என்ன நிகழ்கிறது என்பதை அறிந்துகொள்ளல் வேண்டும்.

நான்கு கட்டுகள்

இடுப்பு மூட்டில் தொடையெலும்பின் தலை, கிண்ணம் போன்றதொரு குழியினுள் பொருந்தியிருக்கிறது. எலும்பின் அமைப்பே அம்மூட்டைக் காக்கின்றது. முழங்காலுக்கு அத்தகைய காப்பு இல்லை. தொடையெலும்பின் கீழ்முனை இரண்டு உருண்டைகளாக முடிகிறது. கணைக்கால் எலும்பின் மேல்முனையோ ஏறத்தாழத் தட்டையாக இருக்கிறது. தட்டின் மேல் உருண்டையை வைத்து, அதன் மேல் முழு உடலையும் ஏற்றியது போன்றது இவ்வமைப்பு. இடையே பிறை வடிவான இரண்டு குருத்தெலும்புகள் அண்டை கொடுக்கின்றன. ஆயினும் அவை மட்டும் போதா. மூட்டு நழுவாமல் நிற்பது கட்டுகளின் வலிமையாலும் தசைகளின் வலிமையாலுமே.

இக்கட்டுகளை மருத்துவமனையில் லிகமெண்ட் என்பர். நாளிதழ்களில் தசைநார் என்று எழுதுவர். பெயரில் தசை இருப்பினும், தசையைப் போல் சுருங்கி விரியும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. இரயில் பெட்டிகளை இணைக்கும் கப்ளிங்கை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். இழுப்பது எஞ்சினே, கப்ளிங் எதையும் இழுப்பதில்லை. ஆயினும் பெட்டி பெட்டியை விட்டு அகலாதபடி காப்பது அதுவே. தசை எஞ்சின் எனின் தசைநார் கப்ளிங் எனலாம்.

முழங்காலில் இத்தகைய பெருங்கட்டுகள் நான்கு. உட்பக்க நார் அகன்று தட்டையாகத் தொடையெலும்பிலிருந்து கணைக்கால் எலும்புக்கு இறங்குகிறது. முழங்கால் உட்புறமாகச் சாய்ந்து ஒடியாதபடி தடுக்கிறது. வெளிப்பக்க நார் கயிறு போல் திரண்டு, கணைக்காலின் வெளிப்புறத்து மெல்லெலும்பின் தலையிற் சென்று பற்றுகிறது. வெளிப்புறச் சாய்வைத் தடுப்பது அதன் தொழில். எஞ்சிய இரண்டும் மூட்டின் நடுவே ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்வதால் சிலுவை நார்கள் எனப் பெயர் பெற்றன. முன் சிலுவை நார், கீழெலும்பு முன்னோக்கி நழுவாமலும் முறுக்கிக்கொள்ளாமலும் காக்கிறது. பின் சிலுவை நார், அது பின்னோக்கி நழுவாமல் காக்கிறது. வளர்ந்த மனிதரின் முன் சிலுவை நார் சராசரி 32 மில்லிமீட்டர் நீளமே உடையது. அகலம் 7 முதல் 12 மில்லிமீட்டர் வரை. நம் கட்டைவிரலின் பாதி நீளம்தான் இருக்கும். இத்துணைச் சிறிய கட்டினை நம்பித்தான் வாழ்நாள் முழுதும் ஓடுகிறோம், குதிக்கிறோம், திரும்புகிறோம்.

வடத்தின் உள்ளே

தேர்வடத்தைக் கண்டிராத தமிழர் இலர். மெல்லிய நார்கள் பல சேர்ந்து புரியாகி, புரிகள் பல சேர்ந்து கயிறாகி, கயிறுகள் பல சேர்ந்து வடமாவது போலவே தசைநாரும் அமைந்துள்ளது. அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீர். நீரை நீக்கி எஞ்சும் பொருளில் முக்காற்பங்கு கொல்லாஜன் என்னும் புரதம். இழுவையைத் தாங்குவது அதுவே. சிறிதளவு எலாஸ்டின் என்னும் மீள்தன்மையுள்ள புரதமும் உண்டு. இழைகளுக்கிடையே நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும் பசை போன்ற பொருளும் இருக்கிறது.

ஓய்வாக இருக்கும்போது கொல்லாஜன் இழைகள் நேராக நிற்பதில்லை; மெல்லிய அலைபோல் நெளிந்து கிடக்கின்றன. இழுக்குங்கால் முதலில் அந்நெளிவுகள் நிமிர்கின்றன. அதன் பின்னரே இழைகள் முழு வலிமையோடு எதிர்த்து நிற்கின்றன. ஆதலின் திடீரென விழும் அதிர்ச்சி உடனே இழைகளை அறுத்துவிடுவதில்லை.

இவ்வடம் உயிருள்ள வடம் என்பதை மறத்தலாகாது. இழைகளுக்கிடையே ஆங்காங்கே உயிரணுக்கள் அமர்ந்துள்ளன. பழைய கொல்லாஜனை அகற்றுவதும் புதியதை நெய்து வைப்பதும் அவற்றின் பணி. நெடுந்தொலைவு செல்லும் இருப்புப் பாதையைச் சில கேங்மேன்கள் பேணிக் காப்பதை இதற்கு ஒப்பாகச் சொல்லலாம். ஆள் குறைவே, பாதை நெடியது, ஆயினும் நாள்தோறும் பணி நடப்பதால் பாதை நிற்கிறது. மேலும், இவ்வுயிரணுக்கள் இழுவையை உணரவல்லன. நார் அளவாக இழுபடும்போது அவை சுறுசுறுப்படைகின்றன. இழுவையே இல்லையேல் சோர்வடைகின்றன. இச்செய்தியை வாசகர் நினைவிற் கொள்வாராக, பின்னர்த் தேவைப்படும்.

வடத்தின் முனை எலும்பிற் பற்றும் இடமும் வியப்புக்குரியது. மென்மையான நார் கடினமான எலும்பில் நேரே ஒட்டவைக்கப்படவில்லை. முதலில் நார், அடுத்து நார்க்குருத்து, அடுத்துச் சுண்ணம் ஏறிய நார்க்குருத்து, இறுதியில் எலும்பு. இவ்வாறு நான்கு படிகளாக மென்மை கடினமாக மாறுகிறது.

மூப்பு செய்யும் மாற்றங்கள்

முதலாவது மாற்றம் உயிரணுக்களில் நிகழ்கிறது. அகவை ஏற ஏற அவற்றின் எண்ணிக்கை குறைகிறது. எஞ்சியவையும் முன்போல் விரைந்து நெய்வதில்லை. பழையதை அகற்றிப் புதியதை வைக்கும் பணி தாழ்கிறது.

இரண்டாவது, நீர் குறைகிறது. நீர் குறைந்த நார் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்லுதல் அரிதாகிறது. கிணற்றில் நாளும் நனையும் கயிற்றையும், பரணில் ஆண்டுக்கணக்கில் கிடந்த கயிற்றையும் கையால் வளைத்துப் பார்த்தோர் இவ்வேறுபாட்டை எளிதில் உணர்வர்.

மூன்றாவது, இழைகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் பெருகுகின்றன. இளமையில் இத்தகைய பிணைப்புகள் ஓரளவு வேண்டியவையே. அவை இன்றேல் வடத்துக்கு வலிமை இராது. ஆனால் மூப்பில் வேறு வகைப் பிணைப்பு ஒன்று சேர்கிறது. குருதியிலுள்ள சர்க்கரை, நெடுநாள் வாழும் புரதங்களோடு மெல்ல மெல்ல ஒட்டிக்கொள்கிறது. பாலைச் சுண்டக் காய்ச்சித் திரட்டுப்பால் கிண்டும்போது அது வெண்மை மாறிச் செம்பழுப்பு நிறம் பெறுவதைப் பெண்மணிகள் நன்கு அறிவர். சர்க்கரையும் புரதமும் கூடுவதால் உண்டாகும் அவ்வினையை 1912-ஆம் ஆண்டில் மாயார் என்னும் பிரெஞ்சு அறிஞர் விளக்கினார். அடுப்பில் அரைமணியில் நிகழ்வதற்கு உறவான வினை, நம் உடல் வெப்பத்தில் பல ஆண்டுகளாக நிகழ்கின்றது. அதன் விளைவாக இழைகள் விறைத்து, நொறுங்கும் இயல்பினை அடைகின்றன. சர்க்கரை நோயாளரிடத்தில் இது விரைந்து நிகழும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

நான்காவது, இழைகளின் ஒழுங்கு கெடுகிறது. ஒன்றோடொன்று இணையாக ஓடிய புரிகள் ஆங்காங்கே கலைகின்றன. இடையிடையே கூழ் போன்ற பொருள் தேங்குகிறது. முன் சிலுவை நாரில் இம்மாற்றம் மிகுதியாகக் காணப்படுகிறது. குருத்தெலும்பு கெடுவதற்கு முன்னரே இந்நார் கெடத் தொடங்குவதும் உண்டு என்று 2012-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. "தேய்மானம்" என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடும் நோயில் கட்டுகளுக்கும் பங்குண்டு என்பது இதனாற் புலனாகும்.

ஐந்தாவது, வடம் பற்றியிருக்கும் எலும்பே மெலிகிறது. மாதவிடாய் நின்ற பெண்டிரிடத்து எலும்பின் இழப்பு விரைவுபடுகிறது. இங்கே ஒரு விந்தையைக் காணலாம். சிறு குழந்தை தவறி விழின், நார் அறுவதினும் நார் பற்றிய எலும்புத் துண்டு பெயர்ந்து வருதலே எளிது. குழந்தையின் எலும்பு இன்னும் முற்றவில்லை. இளைஞன் விழின் நார் நடுவே அறுகிறது. முதியவர் விழின் மீண்டும் எலும்பு முனை பெயர்ந்து வருகிறது. வாழ்வின் இரு கோடிகளிலும் வடத்தைக் காட்டிலும் வடம் கட்டிய முளையே தளர்வாக இருக்கிறது.

ஆறாவது, உணர்ச்சி குறைகிறது. தசைநாரில் நுண்ணிய நரம்பு முனைகள் உள்ளன. கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது, எப்பக்கம் சாய்கிறது என்று கண்ணால் பாராமலே நாம் அறிவதற்கு அவையும் துணைபுரிகின்றன. மூப்பில் இவ்வறிவு மங்குகிறது. இருட்டில் கடைசிப் படி முடிந்துவிட்டது என எண்ணிக் காலை வைத்து முதியோர் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அளந்து கண்டவை

இவையெல்லாம் வெறும் கருத்துகள் அல்ல, அளந்து கண்டவை. இறந்தோர் உடலங்களிலிருந்து பெற்ற முழங்கால்களைக் கருவியிற் பொருத்தி, முன் சிலுவை நார் எவ்வளவு இழுவையில் அறுகிறது என்று அறிஞர் ஆய்ந்தனர். 1976-ஆம் ஆண்டில் அமெரிக்கரான நாய்ஸ், குரூட் இருவரும் வெளியிட்ட ஆய்வில், 16 முதல் 26 அகவை வரையினரின் நார் சராசரி 1,730 நியூட்டன் இழுவையைத் தாங்கிற்று. 48 முதல் 86 அகவை வரையினரின் நார் 734 நியூட்டன் அளவிலேயே விட்டுவிட்டது. இளையோரிடத்து நார் அறுந்தது. மூத்தோரிடத்துப் பெரும்பாலும் எலும்பு முனை பெயர்ந்தது.

1991-ஆம் ஆண்டில் சாவியோ ஊ என்னும் அறிஞரும் அவருடைய துணைவரும் 27 இணை முழங்கால்களைக் கொண்டு மேலும் நுட்பமாக அளந்தனர். நாரின் போக்கிலேயே இழுத்தபோது, 22 முதல் 35 அகவையினரின் நார் 2,160 நியூட்டன் தாங்கிற்று. இஃது ஏறத்தாழ 220 கிலோகிராம் எடைக்கு நிகர். 40 முதல் 50 அகவையினரின் நார் 1,503 நியூட்டன். ஏறத்தாழ 153 கிலோகிராம். 60 முதல் 97 அகவையினரின் நார் 658 நியூட்டன். ஏறத்தாழ 67 கிலோகிராம். இளமையில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

இவ்வெண்களைக் கண்டு அஞ்சவேண்டா. சற்று நின்று நோக்குவோம். அதே ஆய்வில் நாரின் விறைப்பு, இளையோரிடத்து மில்லிமீட்டருக்கு 242 நியூட்டனாகவும் மூத்தோரிடத்து 180 நியூட்டனாகவும் இருந்தது. வலிமை மூன்றிலொரு பங்காகச் சுருங்கியபோதும் விறைப்பு முக்காற்பங்கு எஞ்சி நின்றது. ஆதலின் சமதளத்தில் மெல்ல நடக்கும்போது முதியவரின் நார் தளர்ந்தாற்போல் தோன்றுவதில்லை. சமதள நடையில் அதன்மேல் விழும் இழுவையும் இம்முறிவெல்லைக்குக் குறைந்ததே. மூப்பு பறித்துக்கொள்வது அன்றாடச் செலவுக்குரிய பொருளை அன்று. ஆபத்துக்கென்று வைத்திருந்த சேமிப்பை. ஈரத்தில் வழுக்கும்போது, ஓடும் வண்டியில் தடுமாறும்போது, காலை ஊன்றியவாறே உடலைச் சட்டெனத் திருப்பும்போது அச்சேமிப்புத் தேவைப்படுகிறது.

ஓய்வின் விலை

இவ்விழப்பு முழுவதும் அகவையின் செயலோ? அன்று. முதுமையில் இறப்போர் பலர், இறப்பதற்கு முன் நெடுநாள் படுக்கையிற் கிடந்தோராக இருத்தல் கூடும். கிடப்பதே நாரை மெலிவிக்கும். இதனையும் நாய்ஸ் ஆராய்ந்தார். குரங்குகளின் காலை 8 வாரம் அசையாதபடி கட்டிவைத்தபோது, முன் சிலுவை நாரின் தாங்கும் எல்லை 39 விழுக்காடு வீழ்ந்தது. கட்டை அவிழ்த்து நடமாடவிட்டபின் ஐந்து திங்களாகியும் இழந்தது முழுமையாக மீளவில்லை. ஓராண்டுக்குப் பின்னர்ப் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு வலிமை திரும்பிற்று. இரண்டு திங்களில் இழந்ததை ஈட்டப் பன்னிரண்டு திங்களும் போதவில்லை. அக்குரங்குகள் கிழமல்ல என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி நாம் கண்ட ஒரு செய்தியைச் சொல்லுவோம். தமிழகத்தில் கீமேனாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், மனைவி மறைந்தபின் மகனோடு வாழத் தலைநகர் வந்தார். பணியிலிருந்த நாளெல்லாம் தோளில் சுத்தியலும் சாவியும் தாங்கித் தம் பகுதித் தண்டவாளம் முழுவதையும் நடந்தே பார்த்தவர். மகன் வீடு மூன்றாம் மாடி; மின்தூக்கி இல்லை. மகனும் மருமகளும் அன்பிற் குறைந்தவரல்லர். "அப்பா, வாழ்நாளெல்லாம் நடந்துவிட்டீர்கள், இனியேனும் உட்காருங்கள்" என்றனர். பாலும் காய்கறியும் மாடிக்கே வந்தன. மார்கழிக் குளிர் வந்தது, கதவு அடைபட்டது. பங்குனியில் நாம் சென்று பார்த்தபோது, நாற்காலியிலிருந்து எழ அவருக்கு இருவர் கை வேண்டியிருந்தது. "ஊருக்கே அனுப்பிவிடலாமா?" என்று மகன் தனியே அழைத்துக் கேட்டார். ஊரில் அவருக்கு யாரும் இல்லை.

மருத்துவர் பார்த்தார். எலும்பு முறிவோ பெருவீக்கமோ இல்லை. தொடைத் தசை கரைந்துவிட்டது என்றார். நாற்காலியிலிருந்து எழுந்து அமரும் பயிற்சியும், காலை நீட்டி உயர்த்தும் பயிற்சியும், கைப்பிடி பற்றி நாளொன்றுக்குச் சில படிகள் இறங்கியேறும் பயிற்சியும் கொடுத்தார். முதல் வாரம் நான்கு படி. அடுத்த வாரம் எட்டுப் படி. ஆவணி பிறந்தபோது பெரியவர் தரைத்தளத்துக்கு வந்து பூங்காப் பலகையில் அமர்ந்தார். வலி நீங்கிற்றா என்று கேட்டோம். சிரித்தார். "ஓடாத லயன் துருப்பிடிக்கும் தம்பி, வண்டி ஓடுற லயன் தேயும். ரெண்டுல தேயுறதே மேல்" என்றார். ஆயிரம் நூல்களைப் படித்தாலும் இதைவிடத் தெளிவாக நம்மால் சொல்லவியலாது.

அகவை மிகுந்தோர்க்குப் பயிற்சியால் பயனில்லை என்று எண்ணுவோர்க்கு ஒரு சான்று. பாஸ்டன் நகரில் நடத்தப்பட்டு 1990-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வில், 86 முதல் 96 அகவை வரையினரான பதின்மர் எடை தூக்கும் காற்பயிற்சியை மேற்கொண்டனர். எட்டு வாரம் முடித்தவரின் கால் வலிமை சராசரி 174 விழுக்காடு பெருகிற்று. மூத்த நாரை மீண்டும் இளமையாக்கல் இயலாது. ஆனால் நார் தாங்கவேண்டிய சுமையில் பெரும்பகுதியைத் தசை ஏற்றுக்கொள்ளும். தசையோ தொண்ணூறிலும் வளரும்.

இல்லத்தில் செய்யத்தக்கவை

கை வைத்த நாற்காலியிலிருந்து எழுந்து நிற்றல், மீண்டும் மெல்ல அமர்தல். இதனைக் காலை மாலை ஐந்தாறு முறை தொடங்கிப் பத்து முறை வரை உயர்த்தலாம். படுத்தவாறே ஒரு காலை நேராக நீட்டி ஒரு சாண் உயர்த்திச் சில நொடி நிறுத்தி இறக்குதல் மற்றொன்று. இவற்றை மருத்துவரையோ உடற்பயிற்சி மருத்துவரையோ கலந்து தொடங்குதல் நலம். குளிர்காலத்தில் மூட்டுக்குக் கம்பளியும், பயிற்சிக்கு முன் சிறிது அசைவும் வேண்டும்.

படியேறும்போது நலமான கால் முதலில். இறங்கும்போது நோவுள்ள கால் முதலில். இவ்வொரு விதியை வீட்டில் எல்லோரும் கற்றுக்கொண்டால் பெரியோரின் அச்சம் பாதி குறையும். படிக்கட்டில் கைப்பிடியும் விளக்கும் இருத்தல் வேண்டும். குளியலறையில் ஈரத்தைத் துடைப்பதும், சுவரில் ஒரு பிடிகம்பி பொருத்துவதும் மருந்தினும் மலிவு.

உடல் எடை ஒரு கிலோகிராம் குறையின், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோகிராம் குறைகிறது என்று 2005-ஆம் ஆண்டு ஆய்வொன்று கணக்கிட்டுள்ளது. சர்க்கரை நோயைக் கட்டுக்குள் வைத்தல் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் மட்டுமன்று, மூட்டின் கட்டுக்கும் நன்மையே.

தரையில் சம்மணமிடுவதையும் குந்துவதையும் வழக்கமாகக் கொண்டோர், வலியின்றிச் செய்யக்கூடுமாயின் அவற்றை அஞ்சிக் கைவிட வேண்டுவதில்லை. வலி எழின் வற்புறுத்தலும் கூடாது. பல ஆண்டு விட்டவர் விருந்தன்று திடீரெனப் பந்தியில் அமர முயல்வது ஆபத்து. அவர்க்கு நாற்காலி இடுவதில் இழிவு யாதும் இல்லை.

ஊருக்குச் செல்லுங்காலும் கவனம் வேண்டும். தில்லியிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். ஒரு பகலும் ஓர் இரவும் கடந்த பயணம். முதியோர்க்கும் 45 அகவை கடந்த பெண்டிர்க்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்க இரயில்வேயில் ஏற்பாடு உண்டு. பயணச்சீட்டுப் பதியும்போது அகவையைச் சரியாகக் குறித்து, அவ்வொதுக்கீட்டைக் கேட்டுப் பெறுக. வண்டியினுள் மணிக்கொருமுறை கணுக்காலை மேலும் கீழும் அசைத்து முழங்காலை மடக்கி நீட்டுக. வண்டி முற்றும் நின்ற பின்னரே இறங்குக. நடைமேடைக்கும் படிக்கும் இடையே உள்ள உயரத்தில் காலை ஊன்றி உடலை முறுக்குவதே நார் அறுவதற்கு ஏற்ற தருணம்.

படத்தைக் கண்டு மயங்கற்க

இந்நாளில் எடுத்ததற்கெல்லாம் ஸ்கேன் எடுக்கிறார்கள். அறிக்கையில் "நாரில் சிதைவு", "பிறைக்குருத்தில் கிழிவு" என்று கண்டவுடன் குடும்பமே துணுக்குறுகிறது. அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் நகரில் 50 முதல் 90 அகவை வரையினர் 991 பேரை ஆய்ந்து 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவைக் கேளுங்கள். பிறைக்குருத்தில் கிழிவு உடையோருள் 61 விழுக்காட்டினர்க்கு முந்திய ஒரு திங்களில் முழங்கால் வலியே இருந்ததில்லை. மூத்தோரின் படத்தில் காணும் ஒவ்வொரு மாற்றமும் நோயன்று. படத்தையும் ஆளையும் ஒருங்கே பார்த்து மருத்துவர் சொல்வதே முடிவு.

ஆயினும் சில குறிகளைக் கண்டால் நாள் கடத்தலாகாது. விழுந்த சில மணி நேரத்தில் முழங்கால் பெரிதாக வீங்குதல், காலை ஊன்ற இயலாமை, மூட்டு பூட்டிக்கொண்டு நீள மறுத்தல், அடிக்கடி தானாக மடங்கி விழச்செய்தல், காய்ச்சலோடு மூட்டுச் சிவந்து சுடுதல், ஒரு பக்கக் கணைக்கால் மட்டும் வீங்கி வலித்தல். இவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே மருத்துவரை அடைதல் வேண்டும்.

மூட்டு மாற்று அறுவை செய்துகொள்ள நேர்வோர்க்கும் ஒரு சொல். அவ்வறுவையில் முன் சிலுவை நாரைப் பெரும்பாலும் அகற்றிவிடுவர். பக்க நார்கள் இரண்டையும் காத்து, அவற்றின் இழுவையைச் சமன் செய்வர். புதிய மூட்டு உலோகத்தாலும் பிளாஸ்டிக்காலும் ஆனதாயினும், அதனைப் பிடித்து நிற்பன பழைய நார்களும் தசைகளுமே. ஆதலின் அறுவைக்கு முன்னும் பின்னும் பயிற்சி தவிர்க்கவியலாதது.

நம் கடமை

வேற்றூரில் வாழும் நமக்கு, பெற்றோர் வீட்டில் இருப்பது பேறு. பேரப்பிள்ளைகள் தமிழ் பேசக் கற்பது பெரும்பாலும் அவர்கள் மடியிலேதான். அவர்கள் மாடியிலேயே அடைபட்டுவிட்டால் மூட்டு மட்டுமா மடங்குகிறது? கோயிலுக்குப் போக்கு நிற்கிறது. சங்கத்துக்கு வருவது நிற்கிறது. பேச்சுத் துணை அறுகிறது. சில ஆண்டுகளில் ஊருக்கு அனுப்புவதா, வைத்துக்கொள்வதா என்னும் வினா எழுகிறது. அவ்வினா எழாதிருக்க இன்றே செய்யவேண்டியது, மாலையில் அரைமணி நேரம் அவர்கள் கைபற்றிப் படியிறங்கி வருவது.

சங்கத்தார்க்கும் ஒரு வேண்டுகோள். விழாக்களைக் கூடியமட்டும் தரைத்தளத்தில் நடத்துக; மாடியில் நடத்த நேரின் படிக்கட்டின் இருபுறமும் கைப்பிடி அமைக்க; முன்வரிசையில் கை வைத்த நாற்காலிகள் இருபதேனும் முதியோர்க்கென ஒதுக்குக. செலவு சிறிது. வரும் பொங்கல் விழாவில் அந்நாற்காலிகள் யாவும் நிறைந்திருக்கக் காண்போமாக.